பச்சைக்குத் தள்ளிய பொட்டு

குளிர்காலம் வந்தால் மனிதர்களுக்கு மனசு சுருங்கிப்போகும் என்று யாரோ கண்டுபிடித்துத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சுருங்கின மனசை நீவி விடுகிறோம் என்று கிளம்பி வந்தார்கள் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

இடம், குளிர்ப் பிரதேசத்து ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற தொழிற்சாலை. ஐந்து ஆஸ்பத்திரிகளின் போர்வை, விரிப்பு, நோயாளி அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எதில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கேட்காதீர்கள், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவர்களும் இதைப் படிக்கலாம். ஒரு பக்கம் கொதிக்கிற ஆவி. மறு பக்கம் லாரிகளுக்காகத் திறந்தே கிடக்கும் பெரிய கதவு, அதன் வழியாக எலும்புவரை போகிற காற்று. முதுகு வேர்க்கும், கால் விறைக்கும். காலையில் இருட்டில் உள்ளே போனால் சாயங்காலம் இருட்டில்தான் வெளியே வர வேண்டும். சூரியன் இன்னும் இருக்கிறதா என்பதைச் சாப்பாட்டு அறை ஜன்னலில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இங்கே தேய்ப்பும் மடிப்பும் பார்க்கிற பிரிவுக்கு மேஸ்திரி, இஸ்திரியக்கா. இஸ்திரிப் பெட்டியோடு வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷத்தில் மேஸ்திரி ஆனவள். வயது ஐம்பத்திரண்டு. மூக்கைச் சுளித்துச் சுளித்து அதன் மேல் இரண்டு கோடு நிரந்தரமாகவே விழுந்துவிட்டது. "உன் மூஞ்சியத்தான் முதல்ல தேய்க்கணும்" என்று வீட்டுக்காரர் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவரே சமைத்து அவரே சாப்பிட்டார்.

தலைமை அலுவலகம் அனுப்பிவைத்த நலன் அதிகாரி ஒரு சின்னப் பெண். எப்போது பார்த்தாலும் பல் தெரியும். வந்த அன்றே அவளுக்குச் சிரிப்பு மேடம் என்று பேர் விழுந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் ஒரு மஞ்சள் விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். வெயில் இல்லாத குறையை அது தீர்க்குமாம். பத்து நிமிஷம் அதன் எதிரில் உட்கார வேண்டுமாம். மூட்டை பிரிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பொரிச்சு எடுக்கப் போறாங்களா?" என்றாள் இஸ்திரியக்கா. புதன்கிழமை தோறும் கூட்டமாக நின்று சிரிக்கிற பயிற்சி. சும்மா ஹா ஹா என்று. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், நடுப்பந்தியில் யாரோ காறித் துப்பினதைப் பார்த்தது போல அவளுக்கு உடம்பு கூசும். 'நான் நன்றி சொல்லும் மூன்று விஷயங்கள்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் காகிதம் வந்தது. சோப்பு, சோப்பு, சோப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

இதெல்லாம் வெறும் கூத்து. விவகாரம், நேரம் பதிகிற மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டின இரும்புப் பலகையில் இருந்தது.

பலகையில் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கும். பெயருக்கு நேராகப் பொட்டு மாதிரி ஒரு வட்டக் காந்தம். பச்சைக் கட்டத்தில் வைத்தால் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் பேச வேண்டும். காலை ஏழு மணிக்கு உள்ளே வரும்போதே அவரவர் பொட்டை அவரவர் நகர்த்திக்கொள்ள வேண்டியது. ஏழரைக்குச் சிரிப்பு மேடம் வந்து ஃபோனில் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவாள். சிவப்பில் யாராவது இருந்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அதோடு நிறுத்தினார்களா?

"குளிர் முடியறதுக்குள்ள எந்தப் பிரிவுல பச்சை ஜாஸ்தியோ, அந்த மேஸ்திரிதான் இனிமே ஃப்ளோர் மேனேஜர்" என்றார் மேனேஜர்.

ஃப்ளோர் மேனேஜருக்கு மாடியில் கண்ணாடி அறை. கதவில் பெயர்ப் பலகை. இஸ்திரியக்கா பத்து வருஷமாக அந்த அறையை அண்ணாந்து பார்த்து வருகிறாள். பாதி ஆசை, பாதி ரோஷம். அவளுடைய நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வாள். மகனுக்குப் பதவி உயர்வு, மருமகளுக்குப் பதவி உயர்வு என்று ஒப்பித்துவிட்டு, "நீ இன்னும் துணிதான் மடிக்கிறியா?" என்று முடிப்பாள். அந்த 'இன்னும்' இஸ்திரியக்காவுக்குப் புதன்கிழமை வரை காதில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இல்ல அண்ணி, இப்ப மேனேஜர்" என்று சொல்ல வேண்டும். ஜெயிப்பது என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

ஆக, அவள் பொட்டு நகர்த்த ஆரம்பித்தாள்.

முதலில் மஞ்சள்களைத்தான். முதுகு வலிக்கிறது என்று ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி, தூக்கமில்லை என்று ஒருவன். "யாருக்குடி இங்க நல்லா இருக்கு? நல்லா இருக்கறவ இந்த நாத்தத்துல வந்து நிப்பாளா? பச்சையில வச்சுட்டுப் போ" என்று விரட்டினாள். பிறகு விரட்டக்கூட இல்லை. ஏழே கால் மணிக்கு எல்லாரும் மெஷினுக்குப் போனதும் பலகைப் பக்கம் போவாள், விரலால் தள்ளுவாள், வருவாள். கடையில் பழம் அடுக்குகிறவன் அழுகின பக்கத்தைக் கீழே திருப்பி வைப்பான் இல்லையா, அந்த வேலை. அருவருப்பான வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

மடிப்பண்ணனைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். சின்னத் துணிகளை மெஷின் மடித்துவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிற பெரிய விரிப்புகளுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, மூலையோடு மூலை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கொடுத்து, குனிந்து மடிப்பைப் பிடித்துத் திரும்பவும் நடக்க வேண்டும். இந்த நடையை அவளோடு பத்தொன்பது வருஷமாக நடக்கிறவர் அவர். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு, "பாத்துப் பிடிம்மா" என்பதாக இருக்கும். குளிர் வந்தால் அந்தப் பத்தும் ஐந்தாகிவிடும். வருஷா வருஷம் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பலகை வந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மடிப்பண்ணனின் பொட்டு சிவப்பில் இருந்தது.

கோட்டு உரசி நகர்ந்திருக்கும் என்று இஸ்திரியக்கா நினைத்தாள். பச்சைக்குத் தள்ளினாள். புதன்கிழமையும் சிவப்பு. தள்ளினாள். வியாழக்கிழமையும் சிவப்பைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் கோட்டு மூன்று நாள் ஒரே இடத்தில் உரசாது. பலகை எதிரில் ஒரு நிமிஷம் நின்றாள். படியில் சிரிப்பு மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. தள்ளிவிட்டாள்.

அன்று அவரோடு விரிப்பு மடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் துணியையே பார்த்தாள். 'போன வருஷமும் இப்படித்தானே இருந்தாரு, குளிர் போனா சரியாயிடும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவள் கையாலாகாதவள் இல்லை. ஒரு வார்த்தை, "என்னண்ணே?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே! சொல்லிவிட்டால் பொட்டைத் தள்ள முடியாதே! அதனால் கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்கள்.

இப்படிப் பதினேழு நாள் நடந்தது. பதினெட்டாம் நாள் காலை மடிப்பண்ணன் பலகைப் பக்கமே வரவில்லை. பொட்டு, முந்தின நாள் இவள் தள்ளி வைத்த பச்சையிலேயே இருந்தது. 'அப்பாடா, ஆள் தேறிட்டாரு' என்று இஸ்திரியக்கா நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அன்றைக்குத் தேநீரில் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஃபோன் செய்தால் அணைந்து கிடந்தது. பெரிய விரிப்புக்கு எதிர்ப் பக்கம் ஒரு புது ஆளை நிறுத்தினார்கள். அவன் மூலையைச் சேர்க்கத் தெரியாமல் துணியைத் தரையில் போட்டான். ஒரு நாளில் எட்டு விரிப்பு திரும்பவும் வெளுக்கப் போயிற்று. இஸ்திரியக்கா அவனைத் திட்டின திட்டு லாரிக்காரர்களுக்கே கேட்டது. அது அவனுக்கான திட்டு இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் வராத ஒன்பதாம் நாள் மத்தியானம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். பக்கத்தில் சிரிப்பு மேடம்.

"உங்க பிரிவுதான் முதல். வாழ்த்துகள்" என்றார் மேனேஜர். "பேர்ப் பலகைக்குச் சொல்லியாச்சு. அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து."

மடிப்பண்ணன் தகவல் சொல்லாமல் நின்றுவிட்டார் என்கிற தாள். பத்து நாள் அப்படி வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவரானாலும் அதே விதி.

"அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தா?" என்றாள் இஸ்திரியக்கா.

சிரிப்பு மேடம் ஃபோனை எடுத்துக் காட்டினாள். "பாருங்கக்கா, ஒரு நாள் பாக்கியில்லாம பச்சை. மனசு சரியில்லன்னா சிவப்புல வச்சிருப்பாருல்ல? நாமதான் அதுக்கு வழி பண்ணிக் குடுத்திருக்கோமே. இது சோம்பல்தான்."

ஒன்றன்பின் ஒன்றாக, அவள் தள்ளின பதினேழு நாள் படமும் வந்தது. எல்லாவற்றிலும் பச்சை. பார்க்கப் பார்க்க இஸ்திரியக்காவுக்கு வாயில் எச்சில் ஊறிற்று, வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில். சிரிப்பு மேடத்தின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் பெண் எதைப் பார்த்தாளோ அதைத்தான் சொல்கிறாள். பொய்யைப் பண்ணிக் கொடுத்தது யார்?

"நாளைக்குப் போடறேன் சார், கண்ணாடி கொண்டு வரல" என்றாள். கண்ணாடி தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அரை நாள் லீவு எழுதிவிட்டுக் கிளம்பினாள்.

மடிப்பண்ணன் வீடு, பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒரே அறை. ஐந்து தடவை தட்டின பிறகு கதவு திறந்தது. திறந்த வேகத்தில் ஒரு நாற்றம் வந்து முகத்தில் மோதியது. ஆஸ்பத்திரி மூட்டையை இருபத்தாறு வருஷம் மோந்தவள், சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திரைச்சீலை மூடியிருந்தது. கட்டிலுக்கடியில் தட்டுகள். அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது என்னவென்று சொல்ல முடியாதபடி பூஞ்சை பூத்திருந்தது. மூலையில் ஒரு வாளியில் ஊறப்போட்ட துணி, ஊறி, புளித்து, மேலே ஏடு கட்டிக் கிடந்தது. ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்தவர் வீட்டு வாளி! அவர் குளிர்கோட்டைப் போட்டபடியே போய்த் திரும்பவும் படுத்துக்கொண்டார். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"சீ! என்ன கோலம் இது? மனுஷன் இருக்கற இடமா இது?" என்றாள். அவளுக்கு வருத்தம் வந்தாலும் வாயில் இப்படித்தான் வரும்.

அவர் கோட்டுக் காலரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நாளைக்குப் பேரை எடுக்கப் போறாங்க, தெரியுமா?"

"எடுக்கட்டும்."

"என்ன எடுக்கட்டும்?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி பேசினார். பத்தொன்பது வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"சொல்லாம என்னம்மா? சொன்னேனே. காலைல எழுந்திரிக்கவே முடியல. பல் தேய்க்கறதுக்குக்கூட, இது எதுக்குன்னு தோணுது. சரி, கூப்பிட்டுப் பேசறோம்னாங்களேன்னு சிவப்புல வச்சேன். எனக்கு வெக்கம்தான், இருந்தாலும் வச்சேன். பத்து மணிக்கு டீ குடிக்க வந்து பாத்தா பச்சையில இருக்கு. மறுநாளும் வச்சேன். திருப்பியும் பச்சை. அப்பத்தான் புரிஞ்சுது. ஆபீஸ்ல பாத்துட்டுத்தான் மாத்தறாங்க. உனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல, போய் வேலையப் பாருங்கறாங்க. இருந்தும் தினமும் வச்சுப் பாத்தேன். ஒரு நாளாவது கூப்பிட மாட்டாங்களான்னு. அப்புறம் விட்டுட்டேன்."

இஸ்திரியக்கா அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபீஸ்காரர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு, 'பாவிப் பசங்க' என்று நாலு வசவும் சேர்த்துக்கொண்டு போய்விடலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததே என்று அவளுக்குத் தன் மேல் வந்த அருவருப்பு, அந்த வாளித் தண்ணீரின் மேல் வந்ததைவிட அதிகம்.

"ஆபீஸ்ல யாரும் மாத்தலண்ணே. நான்தான் மாத்தினேன்."

அவர் திரும்பவில்லை.

"மேனேஜர் ஆகணும்னு. பச்சை குறைஞ்சா கிடைக்காதுன்னு. பதினேழு நாளும் நான்தான்."

"வெளிய போ" என்றார்.

"போறேன். டாக்டர்கிட்ட வாங்க, அப்புறம் போறேன்."

"போடீன்னேன்!" எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளை 'டீ' போட்டதில்லை. இஸ்திரியக்கா அந்தக் குரலைக் கேட்டு, செத்த அடுப்பில் ஒரு பொறி தெரிந்த மாதிரி, மனசுக்குள் 'நல்லா கத்துங்க' என்று சொல்லிக்கொண்டாள். அவர் கத்தினார். அவள் வாங்கிக்கொண்டே வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டினாள். இரண்டு தடவை ஓங்கரித்தது. துணியை அலசிப் பிழிந்து, ஜன்னலைத் திறந்து, தட்டுகளைத் தேய்த்தாள். கடைசியில் அவர் களைத்துப்போய், "காலைல வந்து தொலை" என்றார். அவ்வளவு போதும் அவளுக்கு.

மறுநாள் காலை தொழிற்சாலை டாக்டர் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கே ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, அதே கையால் தாளைப் புரட்டினார். இஸ்திரியக்கா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் மடிப்பண்ணனிடம் தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். சாகலாம் என்று தோன்றியதுண்டா என்று நேராகவே கேட்டார். "ரெண்டு தடவை" என்றார் மடிப்பண்ணன், ஏதோ கடைக்குப் போனதைச் சொல்வது போல.

"வைத்தியம் இருக்கு, சரியாகும்" என்றார் டாக்டர். "ஆனா லீவை நோய்னு எழுதணும்னா எனக்கு ஒண்ணு தெரியணும். வராம நின்னதுக்கு முன்னாடியே வேலை இடத்துல இதைச் சொன்னீங்களா? ஆபீஸ்லேர்ந்து வந்த தாள்ல எல்லாம் பச்சைன்னு இருக்கே."

மடிப்பண்ணன் தரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க மாட்டார். வேலையே போனாலும் அவர் வாயிலிருந்து வராது என்பது அவளுக்குத் தெரியும்.

"சொன்னாரு டாக்டர்" என்றாள் இஸ்திரியக்கா. "பதினேழு நாள், தினமும் காலைல ஏழு மணிக்குச் சொன்னாரு. படம் எடுக்கறதுக்குள்ள நான் மாத்தி வச்சேன். என் பேரைப் போட்டே எழுதிக்குங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

டாக்டர் கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுதினார். பேனா நகர நகரக் கண்ணாடி அறை, பெயர்ப் பலகை, நாத்தனாரிடம் சொல்ல வைத்திருந்த ஒரு வரி, எல்லாம் போய்க்கொண்டிருந்தது. பின்னாளில் அந்தக் கண்ணாடி அறைக்கு மூட்டைப் பிரிவு மேஸ்திரி போனான். மேஸ்திரிப் பட்டமும் ஒரு வருஷத்துக்குப் பறிபோயிற்று. "அய்யோ, இத்தனை வருஷத்துல என்னதான் சாதிச்சே?" என்று நாத்தனார் ஃபோனில் உச்சுக் கொட்டினபோது, "ஒரு ஆளைப் படுக்கையைவிட்டு எழுப்பினேன் அண்ணி. படுக்கப் போட்டவளும் நான்தான். ஆனா எழுப்பினேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதெல்லாம் பிறகு நடந்தது.

டாக்டர் எழுதி முடித்துத் தாளை நீட்டினபோது, அதுவரை அவள் பக்கம் திரும்பாத மடிப்பண்ணன் வாயைத் திறந்தார்.

"பொட்டை மாத்தி வச்சவளுக்கு மட்டும் என்ன வாழுதாம்? இவளுக்கும் பாருங்க டாக்டர்."

"எனக்கென்ன?" என்றாள் இஸ்திரியக்கா.

"உனக்கென்னவா? மூலையச் சேக்கும்போது உன் மூஞ்சி என் மூஞ்சிக்கு எதிர்லதான இருக்கு? எத்தனை வருஷமாப் பாக்கறேன். குளிர் வந்தா உனக்கு ஒரு மனுஷனைப் பிடிக்காது. சாப்பாட்டை மோந்து பாத்துட்டு மூடி வைப்பே. கேட்டா நீ கடிச்சுக் குதறிடுவேன்னுதான் நான் கேக்கல." இன்னும் கோபமாகத்தான் சொன்னார். கோபம் தீர அவருக்கு நாளாகும்.

டாக்டர் இன்னொரு தாளை எடுத்தார். "சொல்லுங்கம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. மூக்கின் மேலிருந்த இரண்டு கோடும் ஆழமாகி, உதடு கோணிற்று.

"எதைப் பாத்தாலும் அருவருப்பா இருக்கு டாக்டர். சோறு, துணி, வீட்டுக்காரர், பிள்ளைங்க சிரிக்கற சத்தம். அது என் குணம்னு நினைச்சிட்டேன்" என்றாள். "எத்தனை வருஷம்னு கேக்காதீங்க, எனக்குச் சொல்லத் தெரியல."